கடலுக்குப் போனவனுக்கு எதற்குத் தண்டனை?

இன்று விடியற்காலையில் கரை ஏறினோம். இறால், நண்டு, கணவாய் எல்லாம் பிரித்துக் கொடுத்து, சங்காயம் என்கிற கழிவு மீனைத் தனியாக அள்ளிப் போட்டு, மடி வலையை அலசிவிட்டு வீடு வந்து சேர மணி ஒன்பது. குளித்துவிட்டுப் படுக்குமுன் போனில் ஆட்டத்தைத் திறந்தேன். பதினொன்று என்று நின்றிருந்த இடத்தில் பூஜ்யம். பதினான்கு நாள் விடாமல் டெய்லி குவெஸ்ட், அதாவது ஆட்டம் தினமும் கொடுக்கும் வேலையை, முடித்தால் ஆட்டத்துக்குள் ஒரு குதிரை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினொரு நாள் விடாமல் முடித்தேன். பன்னிரண்டாம் நாள் நான் கடலில் இருந்தேன். அதற்காக முன்பு செய்த பதினொரு நாளையும் சேர்த்து அழித்துவிட்டார்கள்.

அந்தப் பதினொரு நாள் எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? காற்று எச்சரிக்கை. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, ராமேசுவரம் துறையில் ஒரு விசைப்படகும் நங்கூரம் எடுக்கவில்லை. பதினொரு நாளும் எனக்குக் கூலி இல்லை. மளிகைக்கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினோம். பகலெல்லாம் வலை பொத்தல் அடைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மட்டும் போனை எடுத்து உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. காற்று தணிந்தது, டோக்கன் கொடுத்தார்கள், பிழைப்புக்குப் போனேன். வந்து பார்த்தால் இப்படி. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

ஆட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. போனில் ஆடும் ரோல்பிளே ஆட்டங்களில் பாதி இன்று இப்படித்தான் இருக்கிறது.

எங்கள் துறையில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி போகும். காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. பாம்பன் பாலம் கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் டவரும் மறைந்துவிடும். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓட்டுநர் அறையில் போட்டுவிட்டு மடியை இறக்கினால், அடுத்தடுத்த பாடு, அதாவது வலை இழுப்பு, பிரிப்பது, ஐஸ் போடுவது, கிடைத்த இடைவெளியில் கண் அயர்வது. அதாவது வாரத்தில் மூன்று இரவு நான் இந்த உலகத்திலேயே இல்லை. இந்த ஆட்டத்திலோ டெய்லி குவெஸ்ட்டின் கடைசிப் பகுதி இரவு எட்டிலிருந்து ஒன்பது வரைதான் திறந்திருக்கும்.

என் அக்கா மகன் ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறான். அதே ஆட்டம்தான், உச்ச லெவலில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன்.

“தினமும் இருபது நிமிஷம் வந்துட்டுப் போனா போதும் மாமா. அதுகூட முடியலையா?”

“நடுக்கடல்ல எங்கடா டவர் இருக்கு?”

“அப்ப உங்க போனை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் முடிச்சு வைக்கிறேன்.”

பாசத்தில்தான் சொன்னான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு இன்று முழுக்க என்னைக் குடைகிறது. என் ஆட்டத்தை இன்னொருவன் ஆடி முடித்து வைப்பதற்கு நான் எதற்கு? குதிரை கையில் வருவதா முக்கியம்? அந்தக் குதிரைக்காக நான் நடந்த வழி அல்லவா எனக்கு வேண்டும்?

நான் லெவல் ஏறுவதை ரசிக்கிறவன். உச்சிக்குப் போன பிறகுதான் ஆட்டமே ஆரம்பம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. கையில் ஒரு துருப்பிடித்த கத்தியோடு ஊர் எல்லையில் நின்று, ஒரு கிழவர் கொடுக்கும் வேலையை வரி விடாமல் படித்து, அவர் சொன்ன காட்டைத் தேடிப் போய், இரண்டு முறை செத்து, மூன்றாவது முறை முடித்துத் திரும்பி வருகிற அந்த நடைதான் எனக்கு ஆட்டம். 12லிருந்து 13 ஆகும்போது திரையில் ஒரு வெளிச்சம் அடிக்குமே, அதற்காகவே ஆடுகிறேன்.

என்னைப் போல எப்போதாவது வருகிறவனை ஆட்டம் செய்யும் இந்தத் தொழில் ஒரு காலத்தில் நன்றாகவே நினைத்துப் பார்த்தது. இதைச் சொல்லாமல் விட்டால் என் கோபம் புரியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டம் 2004 நவம்பரில் வந்தது. அதற்கு முந்திய சோதனைக் காலத்தில், ஒருவர் நெடுநேரம் ஆடினால் அவருக்குக் கிடைக்கும் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற்றும் புள்ளி, குறையும்படி வைத்திருந்தார்கள். ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். அதைத் திருப்பிப் போட்டார்கள். குறைந்த அளவுதான் சாதாரணம், ஆடாமல் ஓய்வெடுத்துவிட்டு வருகிறவனுக்கு இரட்டிப்பு என்று ஆக்கினார்கள். கதாபாத்திரத்தை ஒரு விடுதியில் நிறுத்திவிட்டு வெளியேறினால், எட்டு மணி நேரத்துக்கு அந்த லெவலில் 5 சதவீதம் என்ற கணக்கில் ஓய்வு சேரும். ஒன்றரை லெவல் அளவு வரை சேர்ந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்து வேட்டையாடும்போது, அது தீரும் வரை ஒவ்வொரு வேட்டைக்கும் இரண்டு பங்கு எக்ஸ்பி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாள் ஆள் வராவிட்டாலும் அவனுக்கான பங்கு அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குப் போனவன், இரவு ஷிப்ட் பார்த்தவன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தவன், எவன் திரும்பி வந்தாலும் “வா, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்” என்று ஆட்டம் சொன்னது. எங்கள் வீட்டில் அம்மா சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பதுபோல. இருபது வருடத்துக்கு முன்பே இந்த வழி தெரிந்திருக்கிறது! தெரிந்த பிறகும் இன்று நேர் எதிராகச் செய்கிறார்கள். வராதவனுக்குச் சேர்த்து வைப்பது போய், வராதவன் சேர்த்ததைப் பிடுங்குவது என்று ஆகிவிட்டது.

கஷ்டமான ஆட்டமாக இருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. ரூன்ஸ்கேப் என்ற ஆட்டத்தில் ஒரு திறமை 99ஆம் லெவலைத் தொட 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும். அதில் 92ஆம் லெவலைத் தொடும்போதுதான் பாதி வழி வந்திருப்பீர்கள். மீதிப் பாதி முழுக்கக் கடைசி ஏழு லெவலில் கிடக்கிறது. மலைப்பான கணக்குதான். ஆனால் இன்று நூறு சேர்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் அந்த நூறு அங்கேயே இருக்கும். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆட்டம் அந்த நாளில் இன்னும் கடுமை. செத்தால் எக்ஸ்பி போனது, கட்டி வந்த ஆயுதமெல்லாம் பிணத்தோடு கிடந்தது, போய் மீட்டு வர வேண்டியிருந்தது. அதுவும் சரி, நான் தவறாகச் சண்டை போட்டேன், செத்தேன், இழந்தேன். நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போனதற்கு இழப்பது எந்த ஊர் நியாயம்?

குவெஸ்ட்டாவது ஒழுங்காக இருக்கிறதா? எட்டு ஓநாய்ப் பல் கொண்டு வா என்றார்கள். நாற்பத்தொரு ஓநாயைக் கொன்றேன், எண்ணிக்கொண்டே கொன்றேன். எட்டாவது பல் நாற்பத்தொன்றாவது ஓநாயிடம் கிடைத்தது. திரையில் ஒவ்வொரு ஓநாயும் வாய் நிறையப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் பாய்கிறது. மடியில் நாற்பது நண்டு ஏறினால் நாற்பதுக்கும் கால் இருக்கும் ஐயா. எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரமும் அந்தப் பல்லிலேயே போயிற்று.

அடுத்த நாள் ஒரு வியாபாரியைப் பத்திரமாக ஊர் சேர்க்கும் குவெஸ்ட். அந்த ஆள் நான் ஓடினால் பின்தங்குகிறார், நான் நடந்தால் முந்துகிறார். கொள்ளைக்காரனைக் கண்டால் ஒதுங்கத் தெரியாமல் நேரே போய் அவன் முன்னால் நிற்கிறார். மூன்றாவது தடவை ஊர் வாசல் வரை கொண்டு வந்துவிட்டேன், எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. வைஃபை அணைந்து, போன் டேட்டாவுக்கு மாறி, ஆட்டம் மறுபடி திறந்தபோது வியாபாரி புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். முக்கால் மணி நேர உழைப்பு. நடுவில் ஓர் இடத்தில் சேமித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் இந்தத் தானியங்கி ஓட்டம். குவெஸ்ட் பெயரைத் தொட்டால் போதும், ஆள் தானாக ஓடி, தானாகச் சண்டை போட்டு, தானாகப் பரிசு வாங்கி வருகிறான். நேரம் இல்லாதவர்களுக்காக என்று விளம்பரம் வேறு. எனக்கு நேரம் குறைவு என்பதால் அந்தக் குறைந்த நேரத்திலும் ஆடக் கூடாதா? இருக்கும் ஒரு மணி நேரத்தை நான் முழுதாக ஆடத்தான் கேட்கிறேன்.

ஐந்து பேர் சேர்ந்து போகும் டன்ஜன் என்கிற குகைச் சண்டையைப் பற்றிச் சொன்னால் இன்னும் கோபம் வரும். நாற்பது நிமிடம் வரிசையில் காத்திருந்து உள்ளே போனேன். புது இடம், பாஸ் என்கிற பெரிய எதிரி என்ன செய்வான் என்று தெரியாது. ஒரு தடவை தவறான பக்கம் நின்றேன். “நூப், இது தெரியாம எதுக்கு வந்த” என்று நம் தமிழில்தான் ஒருவன் எழுதினான். அடுத்த நொடி ஓட்டுப் போட்டு வெளியேற்றிவிட்டார்கள். எங்கள் படகில் புதுப் பையன் ஏறினால் முதல் நாள் வாந்தி எடுப்பான், கயிற்றைத் தப்பாகப் பிடிப்பான். திட்டுவோம், பிறகு பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்போம். யாரும் கடலில் தள்ளிவிடுவதில்லை. எங்களோடு வருகிற எல்லோரும் அப்படிப் பழகியவர்கள்தான்.

இவ்வளவும் எதற்காக என்று பார்த்தால் காசுக்கு. பூஜ்யம் ஆன அந்தத் திரையிலேயே கீழே ஒரு பொத்தான் இருந்தது. 89 ரூபாய் கட்டினால் விட்டுப்போன நாளைத் திரும்பச் சேர்த்துவிடுவார்களாம். அப்படியென்றால் அந்தப் பதினொரு நாள் எங்கேயும் அழியவில்லை, அவர்கள் கையில்தான் இருக்கிறது! என்னிடமிருந்து எடுத்ததை எனக்கே விற்கிறார்கள். ஆடுகிறவனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அங்கே கை வைத்துக் காசு கேட்கிறார்கள். எண்பத்தொன்பது ரூபாய் பெரிய காசு இல்லை என்று மருமகன் சொன்னான். பதினொரு நாள் கூலி இல்லாமல் இருந்தவனிடம் சொல்லும் பேச்சா அது? கையில் ஆயிரம் இருந்தாலும் இதற்குக் கொடுக்க மாட்டேன்.

எங்கள் கடலில் முறை என்று ஒன்று உண்டு. மூன்று நாள் விசைப்படகு போனால் மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. சண்டை சச்சரவு இருந்தாலும் அந்த ஏற்பாடு நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கடல் மூச்சு வாங்கிக்கொள்ளும். போகாத நாளுக்காகக் கடல் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை. நிஜத்தில் உயிரை எடுக்கக்கூடிய கடலே இப்படி இருக்கும்போது, எழுதி வைத்த நாலு விதியை மாற்ற முடியாது என்கிறது ஒரு போன் ஆட்டம்.

ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில்: “தங்கள் கருத்துக்கு நன்றி, நிகழ்வின் விதிகளின்படி செயல்படுகிறது.” படித்துக்கூடப் பார்க்கவில்லை. நாளை மறுநாள் சனி, மறுபடி கடல். போவதற்கு முன் நான்காவது முறை எழுதப் போகிறேன். குதிரையைச் சும்மா தர வேண்டாம். என் பதினொன்றை அந்த இடத்தில் திரும்ப வையுங்கள், மீதி மூன்று நாளைக் கரையில் இருக்கும்போது நானே ஆடி முடித்துக்கொள்கிறேன்.