‘மூணு வருஷத்துல வந்துடுவான்’

பதினேழு வயதுப் பையன் கொலை வழக்கில் பிடிபட்டதும் கமெண்டில் கொட்டும் வரி இது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பிறகு இது பாதி உண்மைதான். சம்பவத்தன்று 16 முடிந்திருந்து, குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்றால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி உண்டு. தூக்கும், விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுளும் மட்டும் கூடாது. (குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு ஆயுள்வரை போகலாம், ஆனால் அதன் குறைந்தபட்ச அளவு ஏழாண்டைத் தொடுவதில்லை. அதனால் அது இந்தக் கணக்கில் வராது.)

அப்படிப் பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாமா என்று, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதற்கட்ட மதிப்பீடு செய்கிறது. என் கோபமெல்லாம் இங்கேதான். குற்றம் செய்தானா என்பது இந்தக் கட்டத்தின் கேள்வியே இல்லை. மனத்திறன், உடல்திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், சம்பவச் சூழ்நிலை, இவ்வளவுதான். ஒரு ஐக்யூ டெஸ்ட், "செஞ்சது தப்புன்னு தெரியுமா?", "தெரியும் சார்", அத்தோடு ஃபைலை மூடினால் அது மதிப்பீடா? தப்பு என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஒரு மாணவனைக் கொன்றதாக இன்னொரு மாணவன் மீது குற்றம் சாட்டப்பட்ட குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துக் காட்டியது: குற்றம் செய்யும் திறன் வேறு, அதன் விளைவு பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கும் தனக்கும் பின்னாளில் என்ன செய்யும் என்று உணரும் திறன் வேறு. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றும் சொன்னது.

நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வரவேண்டும். வீட்டுக்குப் போகாமல், பள்ளியில் கேட்காமல், "தந்தை குடிப்பழக்கம் உடையவர், கூடா நட்பு" என்று எழுதினால் எந்தப் பையனுக்கும் பொருந்தும். பள்ளியை எப்போது விட்டான், யாரோடு வேலைக்குப் போனான், அடி வாங்கினானா, போதை எப்போது தொடங்கியது, இதெல்லாம் இல்லாமல் 'சூழ்நிலை'யை எதை வைத்து எடைபோடுவது?

தண்டனையே விழுந்தாலும் 21 வயதுவரை ‘பாதுகாப்பு இடம்’ எனப்படும் தனி இல்லத்தில்தான் இருப்பான், சிறையில் அல்ல. 21இல், இப்படி அனுப்பப்பட்ட வழக்கை விசாரிக்கும் சிறார் நீதிமன்றம் திருந்தினானா என்று பார்த்து வெளியே விடும், அல்லது மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பும். ஆண்டுதோறும் வரும் அறிக்கையில் 'நடத்தை திருப்தி' என்று மட்டும் இருந்தால், ஐந்து வருடம் தச்சு வேலை கற்றவனுக்கும் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கும் நீதிபதி என்ன வித்தியாசம் காண்பார்?

வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெற்றோருக்கு: மதிப்பீட்டு அறிக்கையின் நகலை வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். ஆணை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.