நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதாது

மேலே ஒருவர், "பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கு நோட்டும் பேனாவும் கொடுங்கள், எழுதிக் காட்டுவார், எழுதாவிட்டால் புத்தி போய்விட்டது என்று அர்த்தம்" என்று போட்டிருக்கிறார். இரண்டுமே தப்பு. நாக்கு, உதட்டுத் தசை மட்டும் தளர்ந்து பேச்சு குழறினால் அந்த யோசனை சரி. அஃபேசியா என்கிற மொழிச் சிக்கலில் மூளையில் மொழியைக் கையாளும் பகுதியே, பெரும்பாலோருக்கு இடப்பக்கம், அடிபடுகிறது. அதனால் பேச்சோடு எழுத்தும், பலருக்கு வாசிப்பும் சேர்ந்தே சிக்கலாகும். வலது கை விழுந்துவிட்டதே என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தாலும் சொல் வராது.

மன்னார்குடியில் என் பெரியப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். பக்கவாதம் வந்து அஃபேசியா ஆன பிறகு, 'காபி' எழுதச் சொன்னால் 'கா' போட்டுவிட்டு அதையே வரிசையாக எழுதுவார். கையெழுத்து மட்டும் பழைய சுழியோடு விழும். பழகிப்போனது அப்படித் தானாக வருவதுண்டு. ஆனால் பேப்பரில் மேட்டூர் அணை நீர்மட்டத்தைப் பார்த்தால் அந்த எண்ணில் விரல் வைத்து, இந்தக் குறுவைக்குப் பற்றாது என்று உதட்டைப் பிதுக்குவார். புத்தி போனவர் செய்கிற வேலையா இது?

ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி சின்னதாகக் கேளுங்கள். காபித் தம்ளரையே காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அப்புறம், பேச்சுப் பயிற்சி தருபவரிடம் எழுத்துக்கும் சேர்த்துப் பயிற்சி கேளுங்கள். ஒரு வருஷம் தாண்டியும் முன்னேற்றம் வருவதுண்டு.