கூண்டு ஏற்றுகிற மாதிரி இதையும் சொல்லுங்கள்

போன வாரம் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கிற அக்கா, கானாங்கெளுத்தியைக் கூறு போட்டுக்கொண்டே கேட்டார். "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே? கல்பாக்கத்துல கரண்டு எடுக்குற எடத்துலேர்ந்து கடல்ல ஏதோ தண்ணி உடுறாங்களாமே? வாட்ஸ்அப்புல பாத்தேன்னு ஒரு பொண்ணு மீனே வாங்காம போயிடுச்சி. நெசமா?"

"நெசம்தான் அக்கா. ஆனா பயப்படுற மாதிரி அளவுல இல்ல" என்றேன்.

"எவ்ளோ உடுறாங்க?"

சரியான கேள்வி. அவர் கையில் கொடுக்க என்னிடம் ஒரு எண் இல்லை. அந்த எண்ணை எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஏற்பாடும் எதுவும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் வாட்ஸ்அப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த அணுமின் நிலையமும் கதிரியக்கத்தைக் கொஞ்சம்கூட வெளியே விடாமல் ஓடாது. கல்பாக்கம் உலைகள் 1984இலும் 1986இலும் ஓடத் தொடங்கிய பழைய வடிவம். உலைக்கலனைச் சுற்றியுள்ள அறையில் காற்று இருக்கும். அந்தக் காற்றில் இருக்கிற ஆர்கான், உலையிலிருந்து வரும் நியூட்ரான் பட்டுக் கதிரியக்கமுள்ள ஆர்கான்-41 ஆகிறது. அது மந்த வாயு, எந்த வடிகட்டியிலும் ஒட்டாது. அதனால் உயரமான புகைபோக்கி வழியாக மேலே அனுப்பிக் காற்றில் கரைய விடுகிறார்கள். பின்னால் கட்டிய உலைகளில் அந்த அறையைத் தண்ணீரால் நிரப்பிவிட்டதால் இந்த வாயு வெகுவாகக் குறைந்தது. ஆர்கான்-41இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகிற நேரம், 110 நிமிடம். வாடைக்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் கல்பாக்கத்திலிருந்து எங்கள் ஊர் வர ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும், அதுவும் வழியெல்லாம் சிதறி நீர்த்துப்போய்.

டிரிட்டியம் வேறு மாதிரி. இதுவும் கதிரியக்கப் பொருள்தான். உலையில் பயன்படுத்துகிற கனநீரில் உண்டாகிறது, அரை ஆயுள் 12 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அது ஹைட்ரஜனேதான் என்பதால் தண்ணீரோடு தண்ணீராக இருக்கும், வடிகட்டிப் பிரிப்பது மிகக் கடினம். குளிர்விக்க எடுத்த கடல்நீர் திரும்பப் போகும்போது அதில் கலந்து நீர்க்கச் செய்து விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் என்று எங்கள் ஊரில் கட்டுமரம் ஏறிய யாரும் சொல்வார்கள். ஆகவே அக்காவின் கேள்வி விவரம் தெரியாத கேள்வி இல்லை.

ஆனால் மீனில் கதிரியக்கம் என்றதும் அலற வேண்டியதும் இல்லை. ஒரு நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியத்தால் மட்டும் 4,000 பெக்கரலுக்கு மேல் இயற்கையாகவே இருக்கிறது. ஒரு கிலோ மீனில் சுமார் 100 பெக்கரல் இயற்கைப் பொட்டாசியம் இருக்கும். இதைச் சொல்லாமல் "மீனில் கதிர்வீச்சு!" என்று பரப்புகிறவர்கள் மீன் விற்கிற பெண்களின் வயிற்றில் அடிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அப்புறம் வரம்பு. இந்தியாவில் பொதுமக்களில் ஒருவருக்கு அணு நிலையங்களால் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கிற அலகு) மேல் வரக் கூடாது. இயற்கையிலிருந்து உலக சராசரியாக நமக்கு வருவது 2.4. அந்த 1 மில்லிசீவர்ட்டை ஒரே வளாகத்தில் இருக்கிற உலைகளும் மற்ற ஆலைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் காற்றிலும் நீரிலும் எவ்வளவு விடலாம் என்று 1987ஆம் ஆண்டு விதிகளின்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தருகிறது. வாரியத்தின் ஆண்டறிக்கையைப் படித்தால் வெளியேற்றம் வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது என்று தெரியும். இதை நான் நம்புகிறேன்.

என் குறை வேறு. அந்தக் கணக்கு வருடத்துக்கு ஒரு தடவை, ஆங்கிலத்தில், வரம்பில் இத்தனை சதவீதம் என்று வருகிறது. சதவீதத்தை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வார்? இன்றைய கானாங்கெளுத்தியில் ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல், இயற்கையாக எத்தனை, உலையிலிருந்து எத்தனை என்பதுதானே அவருக்கு வேண்டும். வருடக் கணக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே நாளில் மொத்தமாக விட்டதும் 365 நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதும் அதில் ஒன்றுபோலத் தெரியும். ஜெர்மனியில் 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் அதிகம் என்று கண்டார்கள். அளந்த கதிர்வீச்சு அளவு அதை விளக்கப் போதவில்லை என்பதால் காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அப்படி ஒரு கேள்வி எழுந்தால் அலசிப் பார்க்கத் தேதிவாரிக் கணக்கு பொதுவெளியில் இருக்க வேண்டாமா?

கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி மக்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிய முட்டை நாற்றம் வரும். போன் செய்வோம். அதிகாரி வந்து சேரும்போது நாற்றம் போயிருக்கும். "எல்லாம் வரம்புக்குள்" என்று எழுதிவிட்டுப் போவார். என் மகளுக்கு அந்த நாட்களில் மூச்சிரைத்தது, விடிய விடிய மடியில் வைத்திருந்தேன். கடைசியில் அந்தக் கிராமத்து மக்களே வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் பேச்சு மாறியது. அங்கே எங்களுக்கு மூக்காவது சாட்சி சொன்னது. கதிரியக்கத்துக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வாளியில் பிடிக்கவும் முடியாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் போகலாம் என்றால் அணுக்கழிவு அவர்கள் அதிகாரத்துக்குள் வராது.

அளக்கிறவர் யார் என்பதும் முக்கியம். உலையை நடத்துவது அணுசக்தித் துறையின் நிறுவனம். சுற்றுப்புறத்தில் மீனும் பாலும் நெல்லும் எடுத்துச் சோதிக்கிற ஆய்வகமும் அதே துறையைச் சேர்ந்தது. ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைந்தது முதல், அந்தத் துறையின் செயலாளர் தலைமை வகிக்கும் அணுசக்தி ஆணையத்துக்குக் கீழேயே இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் படித்த பையன்களே அங்கே இருக்கிறார்கள், எவ்வளவு கவனமாக வேலை செய்கிறார்கள் என்று தெரியும். ஆனால் பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்துவதை எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் 2012 அறிக்கையில் வாரியத்துக்குச் சட்டப்படி தனித்து இயங்கும் அந்தஸ்து இல்லாததைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குறையைத் தீர்க்க 2011இல் கொண்டுவந்த மசோதா காலாவதியாகிப் போனது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வாரியத்துக்கு அந்த அந்தஸ்தைத் தந்திருக்கிறது. அதே சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. லாபம் பார்க்கிற கம்பெனி உலை நடத்த வரும்போது இந்தக் கேள்விகள் இன்னும் கனமாகும்.

அதனால் இப்போதே கேட்க வேண்டும். தினசரி வெளியேற்றக் கணக்கு, தமிழில், யாரும் பார்க்கிற இடத்தில். அதோடு துறைக்கு வெளியே ஒருவர் கையில் இரண்டாவது அளவு. நம் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம் இருக்கிறது. கருவியும் பணமும் கொடுத்தால் மாதம் ஒரு முறை மீன் எடுத்து அளந்து சொல்ல அவர்களால் முடியாதா?

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் துறைமுகக் கம்பத்தைக் காட்டினார். "புயல் எங்கியோ நடுக்கடல்ல இருக்கு. இங்க ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துறாங்க. மூணாம் நம்பர்னா என்னா, அஞ்சாம் நம்பர்னா என்னான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். படிக்காதவங்களுக்கும் தெரியும். அந்த மாதிரி இதுக்கும் ஒண்ணு ஏலக்கூடத்துல மாட்டச் சொல்லுங்க சார். வாங்க வர்ற பொண்ணுங்களுக்கு நானே காட்டிக்கிறேன்."

இரண்டு கிலோ கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏலக்கூடத்தில் இருப்பேன்.