எண்ணிக்கைக்குள் அடங்காத ஹவ்ராமான் ஊர்கள்

மேற்கு ஈரானின் ஹவ்ராமான் பள்ளத்தாக்கில் உள்ள சிறிய குர்திய ஊர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அவற்றை வெறிச்சோடிய ஊர்கள் என்று முடிவு கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. செங்குத்தான மலைச்சரிவில், சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கி, கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் முற்றமாக அமையும்படி கட்டப்பட்ட இவ்வூர்களின் மக்கள், பருவத்துக்கேற்ப ஆடுகளுடன் மேட்டு நிலத்துக்கும் தாழ்நிலத்துக்கும் மாறி மாறிச் சென்று வாழ்பவர்கள் என்பதால், சில மாதங்கள் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கைவிடப்பட்ட வீடு என்று சொல்லிவிட முடியாது. 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இந்த வாழ்முறையையும் கருத்தில் கொண்டது. தவிர, ஈரானின் 2016-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியைக் கேட்கவில்லை. ஆகவே இப்பகுதி மக்களின் மொழியான ஹவ்ராமியைப் பேசுவோர் எத்தனை பேர் என்பதற்கு அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணையில் விடை தேடுவது வீண்.