புரட்டாத புத்தகம்தான் முதலில் கெடும்

வீட்டு இன்டீரியர் படங்களில் இப்போது ஒரு காட்சி தவறாமல் வருகிறது. டீப்பாய் நடுவே ‘காபி டேபிள் புக்’ எனப்படும் பெரிய கெட்டியட்டைப் படப் புத்தகங்கள் மூன்று, அதன் மேல் ஒரு பித்தளைச் சாமான், பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகங்களில் பலவற்றுக்குக் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்பட்டிருக்காது. போதாக்குறைக்கு, முதுகில் ஃபேஷன் பிராண்டு பெயரை அச்சடித்து, உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று அட்டைப் பெட்டிகளையும் அலங்காரப் புத்தகம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் ஒரே ஒரு நல்ல கோயில் சிற்பப் புத்தகம் அந்த மூன்று பெட்டிகளைவிட வீட்டுக்கு அழகு.

1960-இல் அமெரிக்காவின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப், இயற்கைப் புகைப்படங்களுக்காகப் பெரிய அளவில் ஒரு நூல் வரிசையைத் தொடங்கியது. அதை நடத்திய டேவிட் பிரோவர் பக்கத்தை அவ்வளவு பெரிதாக்கியதற்குக் காரணம் இருந்தது. படம் ஒரே பார்வையில் அடங்கிவிடக் கூடாது, கண் அதற்குள் அலைய வேண்டும் என்று நினைத்தார். இந்த வகைப் புத்தகங்கள் பெரிதாக இருப்பதன் நியாயமே அதுதான். மூடியே வைத்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. அதோடு, மூடி வைத்தால் புத்தகமும் சீக்கிரம் கெடும். நம் ஊர்க் காற்றில் இது இன்னும் உண்மை.

முதலில் அந்த பிளாஸ்டிக் உறை. பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் அப்படியே விடுகிறார்கள். இறுக்கிச் சுற்றிய உறை அட்டையின் ஓரங்களை இழுத்துக்கொண்டே இருக்கும், நாளாக ஆக அட்டை வளையும். உள்ளே மாட்டிய ஈரமும் வெளியே போகாது. வந்த அன்றே பிரித்துவிடுங்கள். பிறகு புத்தகத்தின் முதுகை மேஜையில் நிறுத்தி, இரண்டு அட்டைகளையும் மெல்லச் சாய்த்து, முன்பக்கம் பத்து தாள், பின்பக்கம் பத்து தாள் என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். புதுப் புத்தகத்தை எடுத்த எடுப்பில் நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும்.

வாங்கும்போதே பைண்டிங்கைப் பாருங்கள். புத்தகம் பல சிறு தாள்கட்டுகளாக மடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும், அதில் ஒன்றின் நடுப்பக்கத்தை விரித்தால் மடிப்பில் நூல் தெரிய வேண்டும். தெரிந்தால் தையல் பைண்டிங், பல வருடம் தாங்கும். நூலே இல்லாமல் பசை மட்டும் என்றால், ஆர்ட் பேப்பர் எனப்படும் கனமான வழவழப்புத் தாளில் பக்கம் உதிர வாய்ப்பு அதிகம். முதுகின் மேல்நுனியில் தெரியும் வண்ண நாடாவை வைத்து முடிவெடுக்காதீர்கள், இப்போது அது பெரும்பாலும் வெறுமனே ஒட்டிய அலங்காரம்.

எடையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 30 × 37 செ.மீ. பக்கம், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள், 300 பக்கம் என்றால் தாள் மட்டுமே இரண்டரை கிலோ. அட்டையோடு மூன்றைத் தொடும். ஃபேஷன் புகைப்படக்காரர் ஹெல்முட் நியூட்டனின் படங்களை வைத்து டாஷன் பதிப்பகம் 1999-இல் கொண்டுவந்த ராட்சதப் புத்தகம் சுமார் 30 கிலோ, பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த ஸ்டாண்டையும் சேர்த்தே விற்றார்கள். இவ்வளவு கனத்தை அலமாரியில் நிற்க வைக்கக் கூடாது. அட்டை பக்கங்களைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருப்பதால், நிற்கும்போது உள்ளே இருக்கும் மொத்தத் தாள்களும் அந்தரத்தில் தொங்குகின்றன. பாரம் முழுவதும் முதுகு ஒட்டில் விழுந்து, அட்டையோடு ஒட்டிய முதல் தாள் மடிப்போரம் கிழியத் தொடங்கும். படுக்க வைப்பதுதான் சரி.

அதற்காக ஆறு ஏழு புத்தகங்களை அடுக்கவும் வேண்டாம். அடியில் இருப்பதை யாரும் உருவி எடுக்க மாட்டார்கள், அது பீடமாகிவிடும். ஓர் அடுக்குக்கு மூன்று போதும், கனமானவை என்றால் இரண்டு. பெரியது கீழே, மேலே உள்ளது ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. உள்ளே இருக்கட்டும். முதுகு சோபா பக்கம் திரும்பியிருந்தால் உட்கார்ந்தவர் பெயரைப் படித்துக் கை நீட்டுவார். மேலே வைக்கும் பொருள் ஒரு கையால் தூக்கும்படி, அடியில் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணி ஒட்டியதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய உருளி, பூச்சாடி, எண்ணெய் விளக்கு எதுவும் புத்தகத்தின் மேல் கூடாது. டீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு காலியாக இருக்கட்டும். நம் வீட்டில் அது காபிக்கும் டிபனுக்கும் உரிய இடம்.

வெளிச்சம்தான் சத்தமில்லாமல் கெடுப்பது. நான்கு வண்ண அச்சில் மஞ்சளும் மஜந்தா என்ற இளஞ்சிவப்பும் முதலில் போகும், சயன் என்ற நீலம் தங்கும். வெயிலில் கிடக்கும் போஸ்டர் நீலம்பாரிப்பது இதனால்தான். ஜன்னலோரம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த அடுக்கில் மேல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள துணி அட்டையில் அதன் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் பழைய நிறத்தோடு இருக்கும், சுற்றிலும் வெளிறியிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. வாரம் ஒருமுறை மேலும் கீழும் மாற்றுங்கள். ஸ்டாண்டில் விரித்து வைத்திருந்தால் பக்கத்தையும் திருப்புங்கள், முழுக்க 180 டிகிரி விரிக்காமல் 120 போதும்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். பூஞ்சைக்கு அது போதும். லேமினேஷன் அட்டை மேல்நோக்கிச் சுருளும், ஏனென்றால் உட்புறக் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலே உள்ள பிளாஸ்டிக் படலம் விரிவதில்லை. புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பசையும் ஒரே இடத்தில் கிடைப்பது, தொடாமல் கிடக்கும் புத்தகத்தின் முதுகில்தான். புரட்டும்போது காற்று புகும், பூச்சி கலையும், பூஞ்சைப் புள்ளி சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் சேர்த்துப் பொடித்துத் துணி முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டு அலமாரிக்கும் அது ஒத்துவரும், முடிச்சு தாளில் படாமல் மூலையில் இருந்தால் சரி. பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பிவிசி உறை மட்டும் வேண்டாம், அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள்.

காபி கொட்டிவிட்டால்? ஆர்ட் பேப்பரின் வழவழப்பு களிமண் பூச்சு. நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டியபடியே காய்ந்தால் பிரிக்கவே முடியாது. வெயிலில் வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒற்றி எடுத்து, நனைந்த ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கேக் சுடும்போது அடியில் போடும் ஒட்டாத தாள் (baking paper) ஒன்றை வைத்து, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். அப்போது நேரமில்லை என்றால் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஓய்வான நாளில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம்.