அசூசா தெருவில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நம் பெந்தெகொஸ்தே சபைகளின் மேடைகளிலும் முகநூல் பக்கங்களிலும் அசூசா தெரு எழுப்புதலை, அதாவது அங்கே மூண்ட ஆவிக்குரிய எழுச்சியை, பற்றிய பேச்சு வந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1906-ஆம் ஆண்டு பரிசுத்த ஆவியானவர் இறங்கினார், மக்கள் அந்நியபாஷைகளில், அதாவது தாங்கள் கற்றிராத மொழிகளில், பேசினார்கள், அங்கிருந்து உலகம் முழுவதும் அக்கினி பரவியது என்பதோடு கதை முடிந்து, உடனே, ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தின் அறிவிப்பு தொடங்கும். சிறுவயதிலிருந்தே இந்தச் சபைகளில் வளர்ந்த நானும் அந்தக் கதையை அப்படித்தான் கேட்டு வந்தேன். சொல்லப்படுவது பொய்யில்லை; ஆனால் பாதிதான். அந்தச் சபை எப்படித் தொடங்கியது, எதனால் வளர்ந்தது, எங்கே உடைந்தது என்பதை முழுதாகப் படிக்கிறவருக்கு, அந்நியபாஷையைவிட அங்கே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்து மனிதர்களை அதிகமாக அதிரவைத்தது என்பது புரியும்.

அந்தச் சபையின் போதகர் வில்லியம் சீமோர் 1870-ல் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அம்மை நோயில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். ஓட்டல்களில் பரிமாறும் வேலை செய்து பிழைத்தவர். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பார்ஹம் என்ற வெள்ளையர் ஒரு வேதாகமப் பள்ளி நடத்தி, ஒருவர்மேல் ஆவி இறங்கும் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே அடையாளம் என்று போதித்துக்கொண்டிருந்தார். அங்கே படிக்க சீமோர் விரும்பியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது என்ற அந்நாட்டு வழக்கம் குறுக்கே நின்றது. பார்ஹம் அவரைத் துரத்தவும் இல்லை, உள்ளே அழைத்து உட்காரவைக்கவும் இல்லை. சீமோர் வெளியே நடையில் அமர்ந்து, கதவைச் சற்றே திறந்து வைத்திருக்க, உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்டார். உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று, தன் உபதேசத்தைக் கதவிடுக்கின் வழியாகக் கற்றுக்கொண்டது என்பதை நம் மேடைகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

லாஸ் ஏஞ்சல்சில் ஜூலியா ஹட்சின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திவந்த சிறிய சபை ஒன்று அவரை ஊழியத்துக்கு அழைத்தது. சீமோர், சீஷர்கள் ஆவியால் நிரப்பப்பட்டு வேறு பாஷைகளில் பேசினதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 2:4-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். அந்த உபதேசம் ஹட்சின்ஸ் அம்மையாருக்கு ஏற்புடையதாக இல்லை. அடுத்த முறை சீமோர் வந்தபோது சபையின் கதவு பூட்டியிருந்தது. கையில் காசில்லாத அந்தப் போதகருக்கு எட்வர்ட் லீ என்பவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். லீ ஒரு கட்டடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்காரர். ஜெபக்கூட்டம் பிறகு வடக்கு பானி பிரே தெருவில் ஆஸ்பரி குடும்பத்தாரின் வீட்டுக்கு மாறியது. கூடியவர்களில் பெரும்பாலோர் வீட்டுவேலையும் சலவையும் துப்புரவு வேலையும் செய்து பிழைத்த கறுப்பின மக்கள். 1906 ஏப்ரல் 9 அன்று முதலில் அந்நியபாஷையில் பேசியவர் அந்த லீதான். ஜென்னி மூர் என்ற பெண்ணும் அன்றே பேசினார். பின்னாளில் அவரே சீமோரின் மனைவியானார். சீமோருக்கே அந்த அனுபவம் சில நாட்கள் கழித்துத்தான் கிடைத்தது. போதகருக்கு முன்பாக விசுவாசி பெற்றுக்கொண்ட அபிஷேகம் அது. நம் ஊரில் இப்படி நடந்திருந்தால் சாட்சி சொல்லும்போது வரிசையை மாற்றியிருப்பார்கள்.

செய்தி பரவிக் கூட்டம் பெருகியதில் அந்த வீட்டின் முன்திண்ணை பாரம் தாங்காமல் இடிந்துவிட, பெரிய இடம் தேட வேண்டியதாயிற்று. அப்படிக் கிடைத்ததுதான் அசூசா தெரு 312-ஆம் எண் கட்டடம். முன்பு கறுப்பின மெதடிஸ்டுகளின் ஆலயமாக இருந்து, பிறகு குதிரை கட்டவும் சாமான் போட்டுவைக்கவும் பயன்பட்ட மரக்கட்டடம் அது. நாற்பதுக்கு அறுபது அடி, அதாவது நம் சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. மண்தரையில் மரத்தூளைத் தூவி, ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகைகளைப் போட்டு இருக்கைகள் ஆக்கினார்கள். மரப்பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது பிரசங்கபீடம். சீமோர் பல நேரங்களில் பிரசங்கம் செய்யாமல் அந்தப் பெட்டிக்குள் தலையை நுழைத்து ஜெபித்துக்கொண்டே இருப்பார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காணிக்கைத் தட்டு வரிசை வரிசையாக வராது; விருப்பமுள்ளவர் போடுவதற்கு வாசலருகே ஒரு பெட்டி மட்டும் இருந்தது. ஆராதனையின் நடுவில் திரையில் கியூஆர் குறியீடு தோன்றும் சபைகளில் இருந்துகொண்டு இதைப் படிப்பது சற்றுச் சங்கடமான அனுபவம்தான்.

பீடம் உயரமாக இல்லாததும் பலகைகள் நடுவிலிருந்த அந்தப் பெட்டிகளைச் சுற்றி அமைந்திருந்ததும் ஏழைமையால் வந்த ஏற்பாடுகளாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவு பெரியது. முன்வரிசை, பின்வரிசை என்று உட்காரவைக்க அங்கே வழியில்லை. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ நாட்டவர், வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் எல்லாரும் ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டியின் தலையில் சலவைக்காரப் பெண் கைவைத்து ஜெபித்தாள். அன்றைய நாளிதழ்கள் இந்தக் கூட்டத்தைக் கேலிசெய்து எழுதியபோது, புரியாத கூச்சலைப் பழித்த அளவுக்கு இந்தக் கலப்பையும் பழித்தன. தென்மாநிலங்களில் கறுப்பரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று தூக்கில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இந்தக் காட்சியை எடைபோட முடியாது.

இதில் என் மனதில் அதிகமாக நிற்பவர் வட கரோலினாவிலிருந்து வந்த காஸ்டன் காஷ்வெல் என்ற வெள்ளைக்காரப் பிரசங்கியார். அபிஷேகம் பெற வேண்டும் என்ற தாகத்தோடு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலேறி வந்தவர், அசூசாவில் கறுப்பின இளைஞர் ஒருவர் தம் தலையில் கைவைக்க வந்தபோது கூசிப்போனார். தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பிப் போய், தமக்குள்ளேயே போராடி, பிறகு வந்து, அதே கறுப்பர்களிடம், சீமோரிடமும் கேட்டு, தமக்காகக் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். ஊருக்குத் திரும்பிய அவர் வழியாகத்தான் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் பல சபைகள் பெந்தெகொஸ்தே சபைகளாயின. அவர் அபிஷேகம் பெற்றதை நம் பிரசங்கிமார் சொல்வார்கள். அதற்கு முன் அவர் கூசிப்போனதைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கூச்சத்தை விழுங்கியதுதான் அவருக்கு நிகழ்ந்த முதல் அற்புதம் என்பது என் கருத்து.

சபை வளர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு மூன்று கூட்டங்கள், ஒன்றோடொன்று கலந்து நள்ளிரவைத் தாண்டியும் நீளும். இப்படி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தன. 1906 செப்டம்பரில் சபை ஒரு பத்திரிகையைத் தொடங்கி இலவசமாக அனுப்பியது. ஓராண்டுக்குள் அது பல்லாயிரம் பிரதிகளாகப் பெருகி, கடல் கடந்தும் போனது. வந்தவர்கள் அங்கேயே தங்கவில்லை என்பதே அந்தச் சபையின் வளர்ச்சி. முதலில் கதவைப் பூட்டிய ஹட்சின்ஸ் அம்மையாரே பிறகு அங்கே அபிஷேகம் பெற்று ஆப்பிரிக்காவுக்கு மிஷனெரியாகப் புறப்பட்டார். ஆல்பிரட் கார் என்பவரும் அவர் மனைவியும், தாங்கள் பேசும் அந்நியபாஷை வங்காளமொழிதான் என்று நம்பிக் கப்பலேறி, 1907-இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். வங்காளிகளுக்கு அது புரியவில்லை. ஆனாலும் அவர்கள் மனம் தளர்ந்து திரும்பிவிடாமல், அங்கிருந்தவர்கள் நடுவில் ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். அசூசாவோடு தொடர்புடைய ஜார்ஜ் பெர்க் சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கு வந்து, மலையாள நாட்டில் ஊழியம் செய்தார். இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள பல சபைகளின் வேர் இந்த வழியாகவும் வந்ததுதான்.

அசூசாவிலிருந்துதான் எல்லாமே நமக்கு வந்தது என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கேட்காவ் ஊரில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905-லேயே எழுப்புதல் தொடங்கிவிட்டது. அங்கே ஜெபித்தவர்கள் பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களும் இளம் விதவைகளும். அதற்கும் முன்பு, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழர் வழியாக நடந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டதாக அவருடைய குறிப்புகள் சொல்கின்றன. அசூசாவுக்கு 46 ஆண்டுகள் மூத்த நிகழ்ச்சி நம் மண்ணிலேயே இருக்க, அவருடைய பெயர் தெரியாமல் பார்ஹமின் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் வேதாகமக் கல்லூரி மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உடைந்த கதை. 1906 அக்டோபரில் பார்ஹம் தம் மாணவரின் சபையைப் பார்க்க வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் சேர்ந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஜெபித்ததைக் கண்டு அருவருத்து, பீடத்திலிருந்தே கண்டித்தார். சபையார் அவரை ஏற்காததால் வெளியேறி, அருகிலேயே போட்டிக் கூட்டம் நடத்திப் பார்த்தார். 1908-ல் சீமோரின் திருமணத்துக்குப் பின் பத்திரிகையைக் கவனித்துவந்த கிளாரா லம் போர்ட்லாண்டுக்குப் போய்விட, வெளியூர் வெளிநாட்டுச் சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியலும் அவரோடு போயிற்று. நன்கொடையும் செய்தியும் ஓடிய குழாயே அதோடு அறுந்தது. 1911-ல் சீமோர் பயணத்தில் இருந்தபோது சிகாகோவிலிருந்து வில்லியம் டர்ஹம் வந்து வேறு உபதேசத்தைப் பிரசங்கித்துக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவசரமாகத் திரும்பிய சீமோர் கதவைப் பூட்டி டர்ஹமை வெளியே நிறுத்த, டர்ஹம் வேறு மண்டபம் பிடித்தார். கூட்டத்தில் பெரும்பகுதி அவரோடு போனது. ஐந்தாண்டுகளுக்கு முன் பூட்டிய கதவின் முன் நின்றவரே இப்போது பூட்டுப் போட்டவர். சபைப் பிரிவினைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரு வீட்டில் தொடங்கி, ஓலைக்கொட்டகைக்கு மாறி, தகரக்கூரை போட்டு, காங்கிரீட் எழுப்பும் நாளில் இரண்டாகப் பிரிந்து, பிரிந்த பாதி மறுபடி ஒரு வீட்டில் தொடங்குவதுதான் நம் ஊர்களில் பாதிச் சபைகளின் வரலாறு.

1914-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கூடி அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பை உருவாக்கியவர்கள் ஏறத்தாழ எல்லாரும் வெள்ளையர்கள். அடுத்த ஆண்டு சீமோர் வெளியிட்ட சபை ஒழுங்கு நூலில், சபையின் தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கே உரியவை என்ற விதி இருந்தது. வெள்ளைச் சகோதரரை நேசிக்கவே வேண்டும், சண்டையைத் தவிர்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று அவர் விளக்கமும் எழுதினார். அந்நியபாஷை பேசிவிட்டு அன்பில்லாமல் நடப்பவனிடம் அபிஷேகத்தின் அடையாளத்தைத் தேட முடியாது என்ற முடிவுக்கும் அவர் வந்திருந்தார். இந்த விதியைப் பிற்போக்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் கசப்பு தெரியவில்லை, களைப்புதான் தெரிகிறது. 1922-ல் அவர் மாரடைப்பில் இறந்தார். ஜென்னி அம்மையார் மீந்திருந்த சிலரோடு சபையை நடத்தினார். 1931-ல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

அந்த நெருப்பிலிருந்து பிறந்த வெள்ளையர் அமைப்புகள் 1948-ல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே கூட்டமைப்பைத் தொடங்கியபோது கறுப்பினச் சபைகளில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. 1994-ல் மெம்பிஸ் நகரில் அந்தக் கூட்டமைப்பைக் கலைத்து, இரு இனத்தாரும் சேர்ந்த புதிய அமைப்பை ஏற்படுத்தி, ஒருவர் காலை ஒருவர் கழுவி மன்னிப்புக் கேட்டார்கள். ஒப்புக்கொள்ள அவர்களுக்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

நம் சபைகளில் எல்லாச் சாதியாரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள், ஒரே அப்பத்தைப் பிட்கிறார்கள் என்பது உண்மை. பழைய திருச்சபைகள் பலவற்றில் இதற்காகவே பெரும் சண்டைகள் நடந்திருக்க, பெந்தெகொஸ்தே சபைகள் இதைச் சத்தமில்லாமல் செய்துகாட்டின என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெண் கொடுக்கும் பேச்சு வந்ததும் பாய் சுருட்டப்பட்டுவிடுகிறது. மறுபிறப்பு அடைந்தவர், அபிஷேகம் பெற்றவர், ஜெபவீராங்கனை என்று தொடங்கும் மணமகள் தேவை விளம்பரம், அடுத்த வரியிலேயே சாதிப் பெயரோடும் உட்பிரிவோடும் நிற்கிறது. தலையில் யார் கைவைத்தாலும் சரி என்று குனிகிறவர்களே, கைப்பிடித்துக் கொடுக்கும்போது விசாரிக்கத் தொடங்குகிறார்கள். போதகர்களில் எத்தனை பேருக்கு இதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லிப் பேசத் துணிவிருக்கிறது? பேசினால் காணிக்கை குறையும், நாலு குடும்பம் பக்கத்துச் சபைக்குப் போகும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அசூசாவிலும் அப்படித்தான் போனார்கள்.

ஆகவே அடுத்த ஏப்ரலில் அசூசாவைப் பற்றிப் பேசப்போகும் ஊழியக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திண்ணை இடிந்ததைச் சொல்லுங்கள், அக்கினியையும் சொல்லுங்கள். அதோடு காஷ்வெல் கூசிப்போனதையும் பார்ஹம் அருவருத்ததையும் சொல்லிவிட்டு, காத்திருப்புக் கூட்டத்துக்கு மக்களை முன்னால் அழைப்பதற்கு முன்பாக, சபையின் திருமணப் பதிவேட்டை எடுத்து, கடந்த பத்தாண்டுகளில் சாதி மாறி நடத்திவைத்த திருமணங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணை மேடையிலேயே வாசியுங்கள்.