சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது?

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்தான். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் ஒரே ஒரு ஃபைலை மாற்ற வேண்டிய வேலை. அதற்காக அவன் திறந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அவனிடம் இருந்ததோ டெலிகிராமில் யாரோ போட்டுவிட்ட க்ராக் வெர்ஷன், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. "முதல்ல இதை எடுத்துடு" என்றேன். "ஏண்ணா, நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று கேட்டான். நின்றபடியே அவனுக்குச் சொன்ன பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். சேலத்தில் இதே தொழிலில் இருக்கும் பல பேருக்குப் பொருந்தும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2019 ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவருக்கு நான்தான் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். ஒவ்வொரு மாடலுக்கும் படம், எடை, ஜோடி விவரம். வெளியூர் வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டு போனில் ஆர்டர் சொல்வார்கள். காலை ஆறரைக்கு அவரிடமிருந்து அழைப்பு. "தம்பி, நம்ம பக்கத்தைத் தொட்டா ஏதோ சூதாட்டக் கம்பெனிக்குப் போகுது. என்னன்னு பாரு."

திறந்து பார்த்தேன். எல்லா ஃபைலிலும் முதல் வரியில் தலையும் காலும் புரியாத எழுத்துகள், முந்நூறு நானூறு எழுத்து நீளத்துக்கு. துடைத்து எடுத்துவிட்டு மூச்சு விடுவதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் அழைத்தார். பிறகு ஒரு ஜவ்வரிசி மில். மாலைக்குள் பதினான்கு தளங்கள். எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுநாள் காலை பார்த்தால் அதே பதினான்கிலும் அதே வரி மறுபடி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: பதினான்கு சர்வருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, என் லேப்டாப். அதில் ஒரு மாதம் முன்பு நான் போட்ட க்ராக் மென்பொருள். எல்லா சர்வரின் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு அத்தனையையும் அதில்தான் சேமித்து வைத்திருந்தேன். புதிதாக மாற்றிய பாஸ்வேர்டையும் அதிலேயே போட்டேன். லேப்டாப்பை முழுக்க அழித்து விண்டோஸை முதலிலிருந்து போட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிய பிறகுதான் ஓய்ந்தது.

பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். பட்டறைக்கு முன்னால் உட்கார்ந்து தராசில் கொலுசு எடை போட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. தராசுத் தட்டு அசைவது நிற்கும்வரை காத்திருந்து, எடையை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "கடைச்சாவியை உன்கிட்டதானே குடுத்தேன். நீ அதை யாருகிட்ட குடுத்தே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். உங்கள் இணையதளமும் பில் போடும் மென்பொருளும் எங்கோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதற்குப் பெயர்தான் சர்வர். நாங்கள் அஞ்சு ரோட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்குள் போய் வேலை பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும். நான் பயன்படுத்துவது வின்எஸ்சிபி. திரையில் இடது பக்கம் என் கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர். இந்தப் பக்கத்து ஃபைலை இழுத்து அந்தப் பக்கம் விட்டால் போய்ச் சேர்ந்துவிடும். எந்தெந்த சர்வருக்குள் எப்படிப் போவது என்ற பட்டியலையும் அதுவே வைத்துக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால் வீட்டு அம்மாவின் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்து. பூஜை அறை, அரிசி மூட்டை, பீரோ எல்லாம் அதில் தொங்கும். அந்தக் கொத்தை முகம் தெரியாதவன் செய்து கொடுத்த வளையத்தில் மாட்டலாமா? தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

வின்எஸ்சிபியைச் செய்தவர் மார்ட்டின் பிரிக்ரில். செக் நாட்டுக்காரர். 2000-ல் தொடங்கியபோது பிராக் நகரப் பொருளாதாரப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 2003-லிருந்து ஜிபிஎல் என்ற, யாரும் பயன்படுத்தி மாற்றிப் பகிரலாம் என்னும் உரிமத்தில், முழு மூல நிரலோடு, யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியே இருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் பகுதியை அவர் புட்டி என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து எடுத்துக்கொண்டார். எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறைக்கான பகுதியை ஃபைல்ஜில்லா என்ற மென்பொருளிலிருந்து எடுத்துக்கொண்டார். புட்டி, இங்கிலாந்தின் சைமன் டாட்டம் தொடங்கியது. ஃபைல்ஜில்லா, 2001-ல் டிம் கோசே என்ற மாணவர் நண்பர்களோடு கல்லூரி ப்ராஜெக்டாகத் தொடங்கியது. அந்த ஃபைல்ஜில்லாவும் தன் பங்குக்கு எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான முறைக்குப் புட்டியின் நிரலைத்தான் பயன்படுத்துகிறது. ஒருவர் அடுப்பில் கனல் எடுத்து இன்னொருவர் அடுப்பு மூட்டுவது போல. கல்லூரி ப்ராஜெக்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஃபைல்ஜில்லா கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் நிரல் தெரியும்னா திருடனுக்கும் தெரியுமே?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. திண்டுக்கல் பூட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று பட்டறையில் போய் நாள் முழுக்கப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டுப் பூட்டு திறந்துவிடுமா? செய்முறை ஊருக்கே தெரிந்த பிறகும் சாவி இல்லாமல் திறக்காது என்றால்தான் அது பூட்டு.

அதற்காக, இப்படி நிரலைத் திறந்து வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருளில் ஓட்டையே விழாது என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் புட்டியில் ஒன்று வெளியானது. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சர்வருக்குள் போகப் பாஸ்வேர்டுக்குப் பதில் பயன்படும் சாவி ஃபைல்களில் பி-521 என்று ஒரு வகை. அதை வைத்து ஒவ்வொரு லாகினிலும் போடும் டிஜிட்டல் கையெழுத்துகளில் ஏறத்தாழ 60 கிடைத்தால் போதும், சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 0.68-லிருந்து 0.80 வரை எல்லா வெர்ஷனிலும் இருந்தது. ஒரே நிரல் என்பதால் வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லா இரண்டுக்கும் பாதிப்பு. ஆனால் நடந்ததைப் பாருங்கள். என்ன தவறு, எந்த வெர்ஷன், எந்தச் சாவியைத் தூக்கி எறிய வேண்டும் என்று செய்தவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மூன்றுக்கும் திருத்திய வெர்ஷன் வந்தது. என் க்ராக் மென்பொருள் என்னிடம் எதையாவது சொன்னதா?

அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது இன்னும் பெரியது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எக்ஸ்ஸீ என்ற, ஃபைலைச் சுருக்கும் சின்னக் கருவியை ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பராமரித்துவந்தார் ஒருவர். சோர்ந்து போயிருந்த அவருக்கு உதவுகிறேன் என்று இணையத்தில் ஒரு ஆள் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் உள்ளே கள்ளக் கதவு வைத்துவிட்டான். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாக சர்வருக்குள் நுழைய வழி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். அந்த அரை நொடியை விடாமல் துரத்திப் போய்ப் பிடித்தார். நிரல் திறந்து கிடந்ததால் அவரால் துரத்த முடிந்தது.

அந்தப் பராமரிப்பாளரின் சோர்வுதான் என் மனதில் நிற்கிறது. உலகமே பயன்படுத்தும் ஒன்றை ஒரு மனிதர் சம்பளம் இல்லாமல் சுமக்கிறார், நாம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. வின்எஸ்சிபியின் சொந்தத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதே மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலைக்கும் இருக்கிறது; அந்தப் பணம் செய்பவருக்கு ஆதரவு. நன்கொடையும் கொடுக்கலாம். வருடக்கணக்கில் அதை வைத்துச் சோறு சாப்பிடுகிற நான் முதன்முதலாகப் பணம் அனுப்பியது எக்ஸ்ஸீ செய்தியைப் படித்த வாரம்தான். இப்போது வருடா வருடம் ஆயுத பூஜை அன்று அனுப்புகிறேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது இதுவும் சேர்த்தி.

ஏற்காட்டில் ஒரு சம்பவம், இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ். டிசம்பர், மாலை நாலரைக்கே பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. அவர்களுடைய ஆறு வருடக் கணக்கு பேக்கப்பை சர்வரில் ஏற்ற வேண்டும், ஏறக்குறைய ஒரு ஜிபி. செல்போன் ஹாட்ஸ்பாட்தான் நெட். பாதியில் போய்விட்டது. மேனேஜர் தலையில் கை வைத்துவிட்டார். நான் வலது பக்கத்தைக் காட்டினேன். ஃபைல் பெயரோடு ஃபைல்பார்ட் என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. பெரிய ஃபைலை வின்எஸ்சிபி அந்தத் தற்காலிகப் பெயரில்தான் ஏற்றும். முழுதாக வந்து சேர்ந்த பிறகே உண்மையான பெயரை வைக்கும். அதனால் அரைகுறை ஃபைல் நல்ல ஃபைலின் மேல் ஏறி உட்காராது. நெட் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்று தடவை அறுந்து, மூன்று தடவையும் தொடர்ந்து, இரவு எட்டேகாலுக்கு அந்த வால் மறைந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வீடு சேர பத்தாகிவிட்டது. இந்த மாதிரி சின்னச் சின்ன யோசனையெல்லாம், இதே கஷ்டத்தைப் பட்ட ஒருத்தர் செய்தால்தான் வரும்.

அப்புறம், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 2023-ல் வின்எஸ்சிபி என்று தேடினால் மேலே வரும் விளம்பரத்திலேயே போலித் தளம் வைத்து, அதன் வழியாகப் பிணைத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று கம்பெனிகளுக்குள் நுழைந்தது. தேடல் விளம்பரத்தைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நல்ல மென்பொருளின் பெயரில் கெட்டதை இறக்கிக்கொண்டால் க்ராக் வெர்ஷனுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

இன்னொன்று. முதல் தடவை ஒரு சர்வரோடு இணையும்போது அதன் கைரேகை மாதிரி ஒரு வரியைக் காட்டி, இதை நம்புகிறாயா என்று கேட்கும். பிறகு எப்போதாவது அந்த ரேகை மாறியிருந்தால் எச்சரிக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்காமலே சரி என்று அமுக்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தாலும் மாறும், நடுவில் ஒருத்தன் புகுந்திருந்தாலும் மாறும். எது என்று தெரிய ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே அவன் லேப்டாப்பை அழித்துப் புதிதாகப் போட்டோம். பாஸ்வேர்டை விட்டுவிட்டுச் சாவி முறைக்கு மாற்றினோம். சாவி செய்து தரும் புட்டிஜென் கருவியைத் திறந்து, காலியான இடத்தில் மவுஸைக் கோணல்மாணலாக அசைக்கச் சொன்னேன். அந்த அசைவிலிருந்துதான் அது யாரும் யூகிக்க முடியாத எண்ணை எடுக்கிறது. பட்டை மெதுவாக நிரம்பியது. இரண்டு ஃபைல் வந்தன. ஒன்று பூட்டு, எத்தனை சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. இன்னொன்று சாவி, அவன் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாது. "இதுக்கும் ஒரு பாஸ்வேர்டு வைக்கணுமாண்ணா?" என்றான். "வைக்கணும். லேப்டாப் பஸ்ல தொலைஞ்சா?" என்றேன். யோசித்துவிட்டு நீளமாக ஒன்று வைத்தான். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் பூட்டைச் செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரின் சர்வரில்தான் மாட்டினோம். என் பழைய பாஸ்வேர்டு லாகினை அதே நாளில் மூடிவிட்டேன்.

சேலத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: க்ராக் வெர்ஷன் வைத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், நானும் வைத்திருந்தவன்தான். ஞாயிறு மதியத்துக்கு மேல் நான் ஆபீசில் இருப்பேன். லேப்டாப்பையும், வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்து வாருங்கள். பேக்கப் எடுக்க ஒரு ஹார்டு டிஸ்க்கும் வேண்டும். ஒருத்தருக்கு மூன்று மணி நேரம் ஆகும். உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.